லைட்டர் நெருப்புப்பெட்டி அல்ல



உம்மாவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். முதலில், "என்ட கதைய ஏன் மகள் ஊருக்குச் சொல்லப் போறாய்" என்றார். பிறகு அவரே, "சரி எழுது, இன்னொரு உம்மாட கை சுடாம இருந்தாப் போதும்" என்றார்.

எங்கள் வீட்டில் வியாழன் மஃரிபுக்குப் பிறகு சாம்பிராணி போடாமல் வெள்ளி இரவு வந்ததில்லை. வாப்பா இருந்த காலத்தில் அடுப்பிலிருந்து சிரட்டைக் கரித் தணலை எடுத்துச் சட்டியில் போட்டால் வேலை முடிந்தது. இப்போது விறகடுப்பு இல்லை. கரி கடையில் வட்ட வட்டமாகப் பெட்டியில் வருகிறது. அதைப் பற்ற வைப்பதுதான் உம்மாவுக்குப் பெரும்பாடு. கடற்காற்றுக்கு நெருப்புக்குச்சி நிற்காது. சாதாரண லைட்டரைக் கரியை நோக்கிச் சரித்தால் சுவாலை மேலே திரும்பிப் பெருவிரலைச் சுடும். போதாததற்கு அவருக்கு விரல் மூட்டு வருத்தமும் இருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு நான்தான் பென்சிக் கடையில் ஒரு ஜெட் லைட்டர் வாங்கிக் கொடுத்தேன். "உஸ்" என்ற சத்தத்தோடு நீலச் சுவாலை ஊசி போல நேராக வரும், காற்றுக்கு அணையாது. நிரப்புகிற கேஸ் டின் ஒன்றையும் கூடவே வாங்கினேன். கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டியின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் நன்றாகப் போனது. ஒரு வியாழன் நான் மேலதிக வகுப்பில் நின்ற நேரம் லைட்டரில் கேஸ் முடிந்துவிட்டது. மகன் பாட்டிக்கு உதவி செய்ய வந்தான். உம்மா பாயில் இருக்க, பக்கத்தில் சட்டி. அந்த இடத்திலேயே அவன் டின்னை வைத்து நிரப்பியிருக்கிறான். டின்னின் வாய் சரியாகப் பொருந்தாமல் கொஞ்சம் சிந்தியிருக்கிறது. "குளிராக் கிடக்கு பாட்டி" என்று சொல்லிக்கொண்டே கொடுத்திருக்கிறான். உம்மா வாங்கி உடனே அமுக்கியிருக்கிறார். லைட்டரைச் சுற்றி, கை, மடி எல்லாம் ஒரு கணம் "பக்" என்று நெருப்பு. அடுத்த கணம் அணைந்துவிட்டது.

எனக்கு யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை உம்மா இடது கையால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்ததைப் பார்த்துத்தான் வலது கையைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். பெருவிரலிலிருந்து மணிக்கட்டு வரை கொப்புளம். மேலே காய்ந்துபோன பற்பசை. முக்காட்டின் ஓரம் கருகியிருந்தது. "ஒண்டுமில்ல மகள், லேசா சுட்டுட்டு. புள்ளைக்கு ஏசிப் போடாத" என்றார்.

நான் ஒரு விஞ்ஞான ஆசிரியை. ஆவியாதலையும் வாயு அமுக்கத்தையும் வருசக்கணக்காகக் கரும்பலகையில் எழுதி வருகிறவள். வீட்டில் அதே பாடத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு சொல் சொல்லாமல் இருந்திருக்கிறேன். மகனுக்கு ஏச எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

2021 கடைசியில் நாட்டில் பல இடங்களில் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் வெடித்த செய்திகள் வந்தபோது நாம் எல்லோரும் சவர்க்கார நுரை பூசிக் குழாயைப் பார்த்தோம். அதே குசினியில் தட்டில் கிடந்த லைட்டரை ஒருவரும் பார்க்கவில்லை. ஏனென்றால் நம் மனதில் லைட்டர் என்பது நெருப்புப்பெட்டிக்குத் தம்பி. உண்மையில் அது சிலிண்டருக்குத்தான் தம்பி. நெருப்புக்குச்சி தானாக எரிந்து முடியும், வெயிலில் வெடிக்காது, ஒழுகாது. லைட்டர் அப்படி இல்லை.

உள்ளே இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது பூச்சியப் பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும். நமது ஊர்ச் சூட்டில் அமுக்கம் கொடுத்து அடைத்து வைத்திருப்பதால் மட்டுமே அது திரவமாக நிற்கிறது. சிந்தினால் உடனே வாயுவாகும். ஒரு மில்லிலீற்றர் திரவம் 200 மடங்குக்கு மேல் விரியும். மகன் "குளிராக் கிடக்கு" என்றானே, அது திரவம் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிய குளிர். அதுதான் எச்சரிக்கை. இந்த வாயு காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம், மேலே போகாது. கீழே, பாயில் இருந்த உம்மாவின் மடியில் தங்கிவிட்டது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு இருந்தாலே பற்றிக்கொள்ளும்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் வைத்துக்கொண்ட ஒழுங்கைச் சொல்கிறேன்.

வாங்கும்போது: கையை எடுத்ததும் சுவாலை உடனே அணைகிறதா என்று கடையிலேயே பாருங்கள். அமுக்கினால் பூட்டிக்கொண்டு தானாக எரியும் வகை வீட்டுக்கு வேண்டாம். சுவாலையைக் கூட்டிக் குறைக்கும் திருகு, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரியும் தொட்டி, மூடி, இவை இருந்தால் நல்லது. ஐஎஸ்ஓ 9994 என்று போட்டிருந்தால் அது லைட்டர் பாதுகாப்புக்கான சர்வதேச நியமம். துப்பாக்கி, கார், பொம்மை வடிவில் வருபவற்றைத் தொடவே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் விற்பனையை 2007 இலேயே நிறுத்திவிட்டது. பிள்ளை விளையாட்டுச் சாமான் என்றுதானே எடுக்கும்.

பற்ற வைக்கும்போது: லைட்டரைக் கரிக்குக் குனிக்காதீர்கள், கரியை லைட்டரிடம் கொண்டு வாருங்கள். ஜெட் லைட்டரைக் கவிழ்த்தும் பிடிக்கலாம் என்று நினைத்துத்தான் நான் வாங்கினேன். அது பிழை. கவிழ்த்தால் வாயுவுக்குப் பதில் திரவம் வாய்க்கு வந்து சுவாலை திடீரென்று பாயும். கரியை நீண்ட இடுக்கியால் பிடித்து, ஓரத்தில் 10 செக்கன் காட்டி, விட்டு, ஆறவைத்து, மீண்டும் காட்டுங்கள். தொடர்ந்து அமுக்கினால் உலோக வாய் சிவந்து பிளாஸ்டிக் இளகும். ஜெட்டின் நீலச் சுவாலை வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்த பிறகும் வாய் சுடும். முக்காட்டையும் சட்டைக் கையையும் ஒதுக்கிக்கொண்டு, சட்டிக்கு அடியில் மணல் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். கரி எரியும் அறையை மூடி வைப்பது வேறொரு ஆபத்து.

நிரப்பும்போது: வெளியில், பகலில், அடுப்போ சட்டியோ சிகரட்டோ இல்லாத இடத்தில். லைட்டர் நன்றாக ஆறியிருக்க வேண்டும். திருகை ஆகக் குறைத்து, முதலில் உள்ளே மிஞ்சிய காற்றையும் வாயுவையும் சிறிய ஆணி முனையால் வெளியேற்றி, லைட்டரைக் கவிழ்த்து, டின்னை மேலிருந்து நேராக அமுக்குங்கள். சில செக்கன்கள் போதும். முழுக்க நிரப்பக் கூடாது, திரவம் சூட்டுக்கு விரிய இடம் வேண்டும். துடைத்துவிட்டு ஐந்து நிமிடமாவது வையுங்கள். குளிர் போன பிறகுதான் அமுக்க வேண்டும்.

வைக்கும்போது: ஓட்டோவின் முன் தட்டு, மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடி, வெயிலில் நிற்கும் கார் மூன்றும் கூடாது. 25 பாகையில் பியூட்டேனின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 50 பாகையில் ஐந்து மடங்கு. மூடிய வாகனத்துக்குள் நமது வெயில் 50 ஐச் சுலபமாகத் தாண்டும். பிள்ளைக்குப் பொத்தானை அமுக்குவது கடினமான லைட்டர்கள் இருக்கின்றன. ஆனால் கடினம் என்றால் முடியாது என்று அர்த்தம் இல்லை. உயரத்தில் வையுங்கள்.

எறியும்போது: இதை நம் ஊருக்காகவே சொல்கிறேன். பின்னேரம் வளவைக் கூட்டிக் குப்பைக்கு நெருப்பு வைக்கிறோம். "முடிந்துபோன" லைட்டருக்குள்ளும், டின்னுக்குள்ளும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். நெருப்பில் அது வெடிக்கும். சுற்றி நிற்பது பிள்ளைகள்.

சுட்டுவிட்டால்: மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். மணிக்கூட்டைப் பார்த்து 20 நிமிடம். பற்பசை, நெய், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடுமையென்றால் 1990 க்கு அழையுங்கள், அம்பியுலன்ஸ் இலவசம். அன்று எனது வீட்டில் யாருக்காவது இந்த ஒரு பந்தி தெரிந்திருந்தால் உம்மா இரண்டு நாள் அந்த வலியோடு இருந்திருக்க மாட்டார்.

ஆஸ்பத்திரியில் மருந்து கட்டி மூன்று கிழமையில் ஆறியது, அல்ஹம்துலில்லாஹ். பெருவிரலில் மட்டும் தோல் கொஞ்சம் இறுகிப்போய் நிற்கிறது. ஜெட் லைட்டரை எறியச் சொன்னேன். உம்மா விடவில்லை. "பொருளில பிழை இல்ல, எங்களுக்குத் தெரியாததுதான் பிழை" என்றார். இப்போது அவர் பாவிப்பது அடுப்புப் பற்ற வைக்கும் நீண்ட கழுத்து லைட்டர். காற்று அதிகமான நாட்களில் மட்டும் ஜெட்டை எடுக்க வேண்டும், அதுவும் மகன் பக்கத்தில் நிற்கும்போது. நிரப்புவது என் வேலை, சனிக்கிழமை காலை, முருங்கை மரத்தடியில்.

பிள்ளைகளுக்கும் அடுத்த திங்கள் வகுப்பில் இதைச் சொன்னேன். "உங்கட வீட்டில லைட்டர் எங்க கிடக்கு?" என்று கேட்டேன். அடுப்புக்குப் பக்கத்தில், ஓட்டோவில், தலையணைக்குக் கீழே என்று பதில்கள் வந்தன. தலையணைக்குக் கீழே என்று சொன்ன பிள்ளையின் வீட்டுக்கு அன்று பின்னேரமே போனேன். கரண்ட் போனால் எடுக்க வசதி என்று மூத்தம்மா வைத்திருந்தார். ஒரு டோர்ச் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

உறங்கப் போகுமுன் வீட்டில் நெருப்பை அணைக்கச் சொன்ன மார்க்கம் நமது. இன்று இரவு அடுப்பை அணைக்கும்போது லைட்டர் எங்கே இருக்கிறது என்றும் ஒரு தடவை பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களது கையைப் பிடித்துப் பாருங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

உம்மாவுக்காக துஆச் செய்யுங்கள். பிரயோசனம் என்று கண்டால் உங்கள் குடும்ப குரூப்களில் பகிருங்கள்.