காலியாக இருந்த மூன்று மணி நேரம்

மருத்துவர் தரப்பில் நான் ஆஜரான வழக்கு அது. தலைப்பிரசவம், வலி கண்டு பல மணி நேரம் கழித்து சிசேரியன், பிறந்த குழந்தை அழவில்லை, பின்னால் மூளை வாதம் என்று தெரிந்தது. சிசேரியனைத் தள்ளிப்போட்டதே காரணம் என்று தாய் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். பணம் கட்டிப் பார்த்த பிரசவம் என்பதால் அங்கே போக முடிந்தது. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனையாக இருந்திருந்தால், 1995-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டப்படி அந்தக் கதவு அவருக்குத் திறந்திருக்காது.

பாதிக்கப்பட்டவர் அலையாமல் சீக்கிரம் தீர்வு பெற வேண்டும் என்றுதான் அந்த மன்றங்களை ஏற்படுத்தினார்கள். அதனால் சாட்சியைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது அங்கே அபூர்வம். பிரமாண வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் வைத்தே முடிவெடுப்பார்கள். என் கட்சிக்காரர் இரவெல்லாம் அந்தப் பெண்ணின் கட்டிலருகில்தான் இருந்தார் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய கேஸ் ஷீட் வேறு கதை சொன்னது.

பிரசவத்தின் போக்கைக் குறிக்கும் பார்ட்டோகிராஃப் தாளில் கடைசி மூன்று மணி நேரம் காலி. நர்ஸ் குறிப்பில் மட்டும் அரை மணிக்கொருமுறை குழந்தையின் இதயத் துடிப்பு 140, 140 என்று, ஒரே பேனாவில் ஒரே வீச்சில் எழுதியதுபோல இருந்தது. மயக்க மருந்து மருத்துவர் வந்ததாக அதில் கண்ட நேரமும் அவரே எழுதியிருந்த நேரமும் ஒத்துப்போகவில்லை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. நிர்வாகமோ வாரக்கணக்கில் இழுத்தடித்திருந்தது. அந்த இடைவெளியில் எழுதிச் சேர்த்தவை என்று எதிர்த்தரப்பு வாதிட்டபோது, மறுக்க எங்களிடம் எதுவுமில்லை.

மருத்துவ வாதம் எங்கள் பக்கம் வலுவாகவே இருந்தது. மூளை வாதம் வந்த குழந்தைகளில் சிறு பகுதியினருக்குத்தான் பிரசவ நேர மூச்சுத்திணறல் காரணம். பெரும்பாலும் பாதிப்பு கருவிலேயே நேர்ந்துவிடுகிறது. இந்தக் குழந்தைக்கு எது நேர்ந்தது என்று காட்ட, இதயத் துடிப்பின் நம்பத்தக்க பதிவு வேண்டும். பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தின் அமிலத்தன்மையைச் சோதித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. மருத்துவருக்குக் கேடயமாகியிருக்கக்கூடிய அதே பதிவுகள் தாய்க்கும் உண்மையைச் சொல்லியிருக்கும். அதுதான் என்னை இன்னும் வருத்துகிறது.

குடும்பத்தாரிடம் பேசினால் தவற்றை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நிர்வாகம் மருத்துவரைத் தடுத்து வைத்திருந்தது. ஒருநாள் மன்ற வராந்தாவில் அந்தத் தாயே அவரிடம் வந்தார். “அன்னைக்கே கூப்பிட்டு என்ன ஆச்சுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் இங்கெல்லாம் வந்திருக்கவே மாட்டேனுங்க, டாக்டரம்மா.”

மன்றம் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டில், மாநில ஆணையத்தில், சமரசமாக முடிந்தது. மருத்துவர் பின்னர் சொந்தமாக மருத்துவமனை தொடங்கியபோது என்னை அழைத்துப் படிவங்களைக் காட்டினார். பிந்தி எழுதும் குறிப்பில் ‘பின்னர் எழுதியது’ என்று நேரம் போட்டே எழுத வேண்டும், திருத்தினாலும் பழைய எழுத்து தெரிய வேண்டும் என்றேன். பிரசவ அறைக் கடிகாரத்தையும் அறுவை அரங்கக் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வைத்திருக்கிறார். குழந்தைக்கு ஏதாவது என்றால் அன்றே குடும்பத்தாருடன் உட்கார்ந்து பேசுகிறார். பேசியதையும் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்.