காட்டுக்குப் பக்கத்தில் இடம் வாங்கும் முன்



என் பழைய மாணவர் ஒருவர் அட்டப்பாடியில் இடம் பார்க்கிறாராம். சைலன்ட் வேலி பக்கத்தில் ரிசார்ட் கட்டினால் "ஈகோ டூரிசம்" என்று நன்றாக ஓடும் என்கிறார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கோவைக்காரர்கள் பலர் இந்த யோசனையில் இருக்கிறீர்கள் என்று தெரியும்.

அந்த மழைக்காடு சும்மா மிஞ்சவில்லை. குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டார்கள். தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத், கவிஞர் சுகதகுமாரி போன்றோர் ஊர் ஊராகப் பேசியும் எழுதியும் எதிர்த்தார்கள். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984-ல் தேசியப் பூங்கா ஆனது. வெடிப்பலா மரங்களும் அவற்றை நம்பி வாழும் சிங்கவால் குரங்குகளும் பிழைத்தன.

ஓய்வு பெற்றபின் இருமுறை போய் வந்தேன். முக்காலியில் நம் வண்டியை நிறுத்திவிட வேண்டும். வனத்துறை ஏற்பாடு செய்யும் ஜீப்பில், வழிகாட்டியோடு, சுமார் 23 கிலோமீட்டர் தள்ளி சைரந்திரிவரை போகலாம். அங்கே கண்காணிப்புக் கோபுரம் ஏறிக் காட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். "இவ்வளவுதானா?" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. இவ்வளவோடு நிறுத்தியதால்தான் பார்க்கக் காடு இருக்கிறது. நாம் கொடுக்கும் பணத்தில் வண்டி ஓட்டுபவருக்கும் வழிகாட்டிக்கும் பங்கு போகிறது. காட்டை நம்பிப் பிழைப்பவருக்குக் காடு நிற்பதுதானே லாபம்?

ரிசார்ட் அப்படியல்ல. அட்டப்பாடி இருளர், முடுகர், குறும்பர் வாழும் மண். அவர்கள் நிலம் வெளியாட்கள் கைக்குப் போனது நெடுங்கதை. அதை மீட்டுத்தர 1975-லேயே கேரளத்தில் சட்டம் வந்தது. தகராறு இன்னும் ஓயவில்லை. ஆகவே தரகர் காட்டும் பட்டாவை மட்டும் நம்பாதீர்கள். அதற்கு முன் அந்த நிலம் யாரிடம் இருந்தது என்று ஊருக்குள் போய்க் கேளுங்கள். அட்டப்பாடியின் கிழக்குப் பகுதி மழை குறைந்த வறண்ட பூமி. அங்கே நீச்சல் குளத்துக்கு ஆழ்துளைக் கிணறு போட்டால், பக்கத்து ஊர்க் கிணறு என்னவாகும்?

பணம் போடத்தான் வேண்டுமென்றால், அங்குள்ள குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைக்க உதவலாமே. நிலம் அவர்களிடமே இருக்கும். சம்பாத்தியமும் அங்கேயே தங்கும்.

இதில் உங்கள் கருத்து மாறுபட்டால் தயங்காமல் எழுதுங்கள். வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்டவர்களை நான் என்றும் மறந்ததில்லை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்