எவரும் மறுக்காத புத்தகம்

என்னுடைய பேய்க்கதைத் தொகுப்பின் முன்னுரையில் மூன்றாவது பத்தி பொய். 'பேய்க்கதை என்றதும் பதிப்பகங்கள் கையை விரித்துவிட்டன, வேறு வழியில்லாமல் நானே வெளியிடுகிறேன்' என்று அதில் எழுதியிருக்கிறேன். யாரும் கையை விரிக்கவில்லை. விரிப்பதற்கு முதலில் நான் அனுப்பியிருக்க வேண்டுமல்லவா? ஒரு கதையைக்கூட, ஒரு சிறுபத்திரிகைக்குக்கூட நான் அனுப்பியதில்லை.

ஆனால் இந்தப் பொய்க்கு நல்ல மரியாதை இருந்தது. அலுவலகத்தில் சொன்னேன், கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னேன், நூல் வெளியீடு என்ற பெயரில் நண்பர்கள் கூடிய மாலையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். 'தமிழ்ல புதுசா எழுதறவனுக்கு எங்க சார் மதிப்பு?' என்று எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதே முன்னுரையில் எட்கர் ஆலன் போவையும் துணைக்கு இழுத்திருந்தேன். அவரும் தன் முதல் புத்தகத்தை, 1827-இல், சொந்த முயற்சியில் சுமார் 50 பிரதி அச்சிட்டுத்தான் தொடங்கினார் என்று. தகவல் சரிதான். அது கவிதைப் புத்தகம், ஒரு பேய்கூட அதற்கு விளம்பரம் தேடித் தரவில்லை, அட்டையில் அவர் தன் பெயரைக்கூடப் போடவில்லை என்பதையெல்லாம் விட்டுவிட்டேன். என் அட்டையில் தலைப்பைவிடப் பெயர் பெரிது.

ஏன் அனுப்பவில்லை என்று நேர்மையாக யோசித்தால், நிராகரிப்புக்குப் பயந்து அல்ல. நிராகரித்திருந்தால் என் முன்னுரை உண்மையாகியிருக்கும், சந்தோஷமாகவே வாங்கியிருப்பேன். எனக்குப் பயம் வேறு. 'நல்லா இருக்கு, இந்த இடத்தை மட்டும் மாத்தி எழுதிக் கொடுங்க' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான். எந்த இடத்தைக் காட்டுவார்கள் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும்.

சொந்தமாக வெளியிடுவது இப்போது அவ்வளவு எளிது. 2016 கடைசியில் கிண்டில் தமிழுக்குக் கதவைத் திறந்துவிட்டது. கோப்பை ஏற்றினால் ஓரிரு நாளில் விற்பனைக்கு வந்துவிடுகிறது, காலணா செலவில்லை. ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு டெல்லியில் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் முகமையிடம் இணையத்தில் விண்ணப்பித்தால் கட்டணமில்லாமல் தருகிறார்கள். அச்சுப் புத்தகத்துக்குச் சிவகாசியோ திருவல்லிக்கேணியோ போக வேண்டியதில்லை, தெருவுக்குத் தெரு டிஜிட்டல் அச்சகம். இதில் எந்தப் படியிலும் ஒரு மனிதர் கதையை வாசித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பலருக்கு அது குறை. எனக்கு அதுதான் வசதி.

எந்த அளவுக்கு வசதி என்றால், புத்தகத்தில் கடைசிக் கதையை இலக்கியத் தேவைக்காக எழுதவில்லை, ஃபாரத்துக்காக எழுதினேன். டெமி அளவில் 16 பக்கம் ஒரு ஃபாரம். முன்னுரை முதல் கதைகள் வரை எல்லாம் சேர்ந்து 135-ஆம் பக்கத்தில் முடிந்துவிட்டது. ஒன்பது ஃபாரம் என்றால் 144. 'ஒம்பது பக்கம் சும்மா நிக்குது சார், விளம்பரம் ஏதாச்சும் போடுறீங்களா?' என்று அச்சகத்தில் கேட்டார்கள். வெற்றுத் தாளுக்குக் காசு கொடுக்க மனம் வரவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக, லிஃப்டில் மாட்டிக்கொண்டவனைப் பேய் பிடிக்கும் கதை ஒன்றைச் சரியாக ஒன்பது பக்கத்துக்கு அளந்து எழுதிக் கொடுத்தேன். புத்தகத்திலேயே அதிகம் பாராட்டப்பட்ட கதை அது. அதைப் பற்றி எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

நான் பயந்த இடம் ஐந்தாவது கதையில் இருந்தது. நகரத்திலிருந்து பூர்வீக வீட்டுக்கு வரும் ஒருவன், உச்சி வெயிலில் பின்கட்டுக் கிணற்றில் நீர் இறைக்கிறான். வாளி கனக்கிறது. இழுக்கிறான். முதலில் கூந்தல் வருகிறது. பிறகு வெள்ளைச் சேலை. அதற்கப்புறம் ஆறு பக்கம் ஓட்டமும் அலறலும்.

மற்ற கதைகளைக் கைபேசியில் தட்டியிருந்தேன், இதை மட்டும் நோட்டில் எழுதியிருந்தேன். மதுரையில் ஒரு சந்துக்குள் இருந்த டிடிபி கடையில் கொடுத்தேன். தட்டச்சுக்கும் பக்க வடிவமைப்புக்கும் சேர்த்து அங்கே ஒரு பெண்மணி. முப்பத்தைந்து வயதிருக்கும். கைபேசியில் நான் 'ர்' போட வேண்டிய இடத்திலெல்லாம் காலைப் போட்டு அதன் தலையில் புள்ளி வைத்திருந்தேனாம். திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, எழுத்துருவை மாற்றியதும் பக்கமெங்கும் புள்ளி வட்டங்களாகக் கொட்டின. அத்தனையையும் அவர் சலிக்காமல் சரிசெய்தார். சந்திப் பிழைகளையும் சொல்லாமலே திருத்தியிருந்தார். அப்படித் திருத்தியதில் எனக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.

ஐந்தாவது கதையை அடித்து முடித்த அன்று, மெய்ப்புத் தாள்களை நீட்டிவிட்டுக் கேட்டார்.

"சார், ஒரு சந்தேகம். இந்தப் பொம்பளை ஏன் கெணத்துல விழுந்துச்சு?"

"அது சஸ்பென்ஸ்மா."

"சஸ்பென்ஸ்னா கடைசியில சொல்லணும்ல சார்? கடைசிப் பக்கமும் அடிச்சுட்டேன். அங்கயும் இல்ல."

நான் மெய்ப்பைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் விடவில்லை.

"புருஷன் உயிரோடதான சார் இருக்கான்? அப்புறம் எதுக்கு வெள்ளச் சேலை?"

"பேய்னா வெள்ளைச் சேலைதாம்மா."

"சாகும்போது கட்டியிருந்த சேலையோடதான சார் வரும்?"

"நீங்க டைப் மட்டும் பண்ணுங்கம்மா."

"சரி சார்" என்றார். திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் புத்தகம் முடியும்வரை எழுத்துப்பிழையைத் தவிர எதைப் பற்றியும் அவர் என்னிடம் பேசவில்லை. கணக்கு முடிக்கும்போது பக்கத்துக்கு இவ்வளவா என்று கூலியில் வேறு பேரம் பேசினேன். அந்தப் புத்தகத்துக்கு வாய்த்த ஒரே எடிட்டர் அவர்தான். பதிப்பகம் ஏதாவது ஆள் வைத்துப் பார்த்திருந்தாலும் இந்த இரண்டு கேள்விக்கு மேல் பெரிதாகக் கேட்டிருக்க முடியாது.

வெள்ளைச் சேலை எனக்கு எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தேடிப்பார்த்தேன். 1966-இல் வந்த 'யார் நீ' படத்தில் ஜெயலலிதா வெள்ளைச் சேலையில் வருவார், பாட்டும் பனியுமாக. முகத்தை மூடிய ஈரக்கூந்தல் 1998-இல் வந்த 'ரிங்கு' என்ற ஜப்பானியப் படத்துடையது, அதிலும் கிணறு உண்டு. ஆக, சேலை கோடம்பாக்கம், முடி ஜப்பான். அருப்புக்கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன் எழுதிய பேயில் அருப்புக்கோட்டை என்று சொல்ல உச்சிவெயில் மட்டும்தான் இருந்தது.

ஊரில் கேட்ட கதைகள் அப்படி இருக்காது. அங்கே பேய்க்குப் பேர் உண்டு, கொழுந்தன் நாத்தனார் உண்டு, யார் என்ன செய்தார்கள் என்ற கணக்கு உண்டு. 'அவ ஏன் செத்தா' என்பதில்தான் கதையே தொடங்கும். பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். புருஷன் கையால் செத்தவள், பழி வாங்கத் திரும்பி வந்து, அவனை ஊர்ப் பஞ்சாயத்துக்கு இழுத்து, 70 வேளாளர்களின் வாக்கையே பணயமாக வைத்து முடித்தாள். அந்தக் கதையில் பயமுறுத்துவது அவள் உருவம் இல்லை, அவள் பக்கம் இருக்கும் நியாயம். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. வெளியீட்டு விழாவில் நீலியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசியவனே நான்தான்.

இனி வருவதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு சாமிப் பெட்டி இருக்கிறது. முன்பு பனையோலைப் பெட்டி, இப்போது தகர டிரங்க். தென்மாவட்டங்களில் பல வீடுகளில் இப்படி ஒன்று இருக்கும். அகாலமாகப் போன பெண்ணை வீட்டுச் சாமியாக வைத்து, வருடம் ஒருமுறை பெட்டியைத் திறந்து, பழைய சேலையை எடுத்துவிட்டுப் புதுச்சேலை, வளையல், மஞ்சள், குங்குமம், பூ வைத்துக் கும்பிடுவார்கள். பழைய சேலையை வீட்டுப் பெண்களில் ஒருவர் கட்டிக்கொள்வார். எங்கள் பெட்டிக்குரியவள் என் தாத்தாவின் தம்பி மனைவி. பின்கட்டுக் கிணற்றில் விழுந்தவள். சின்ன வயதில் பரீட்சைக்குப் போகும் முன் அந்தப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் போவேன்.

அவள் ஏன் விழுந்தாள் என்று வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். கல்லூரிக் காலத்தில் ஒருமுறை, குலதெய்வக் கோவில் போன இடத்தில், பொங்கல் பானை பொங்கக் காத்திருந்த நேரத்தில், அத்தை என்னிடம் சொன்னார். நாலைந்து வாக்கியம் இருக்கும். அடகுக்குப் போன நகை, அதை அவள் திருப்பிக் கேட்ட விதம், அன்று ராத்திரி வீட்டில் இருந்த ஆண்கள் செய்தது, மறுநாள் அவள் பிறந்த ஊரிலிருந்து வந்தவர்களிடம் சொன்னது. அந்த வாக்கியங்களை இங்கேயும் நான் எழுதப்போவதில்லை. அன்று ராத்திரி வீட்டில் இருந்த ஆண்களில் என் தாத்தாவும் ஒருவர். அவ்வளவுதான் எனக்கு எழுத வருகிறது.

ஆகவே டிடிபி கடையில் அந்தக் கேள்வி வந்தபோது எனக்குப் பதில் தெரியும். தெரிந்த பதிலை எழுதாமல் விட்டதை மறைக்கத்தான் கூந்தலும் ஓட்டமும். செத்தவளுக்கு நாங்கள் ஒரு அநியாயம் செய்தோம், பிறகு கும்பிட்டோம். அவளை எடுத்து ஆளைத் துரத்துகிற பிசாசாக்கி 150 ரூபாய்க்கு விலை போட்டவன் நான்.

புத்தகம் வந்த பிறகு வாசகர்களும் அதையே கேட்டார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று. புதுமைப்பித்தனைக் கேடயமாக எடுத்தேன். 'காஞ்சனை'யிலும் கடைசிவரை விடை இல்லையே, 1943-இலேயே அவர் செய்துவிட்டாரே என்று பதில் சொன்னேன். கொஞ்சம் படித்தவர்கள் அதோடு அடங்கிவிட்டார்கள். எனக்குள் அடங்கவில்லை. 'காஞ்சனை'யில் வந்தவள் யார் என்பதைத்தான் அவர் திறந்து விட்டார். பிச்சைக்கு வந்தவளை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும் மனைவி, அதைச் சகிக்கவும் முடியாமல் தடுக்கவும் முடியாமல் ராத்திரியெல்லாம் முழித்துக் கிடக்கும் எழுத்தாளன், இவர்கள் இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்பதில் ஒரு இழை மயக்கமும் கிடையாது. அவர் வாசகனுக்குத் தராமல் விட்டது அவருக்கே தெரியாத ஒன்றாக இருக்கலாம். நான் விட்டது எனக்குத் தெரிந்தது.

இதற்கிடையில் மனைவியின் கணக்கிலிருந்து ஐந்து நட்சத்திரம் போட்டு, 'முதுகுத்தண்டில் சில்லிட்டது' என்று நானே ஒரு விமர்சனமும் எழுதியிருந்தேன். குடும்பத்தார் விமர்சனம் எழுதக் கூடாது என்று அமேசானில் விதி இருக்கிறது. பெரிய குற்றங்களுக்கு நடுவில் இதைப் பட்டியலில் சேர்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. விட்டுவிடலாம். 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி கன்னிமரா நூலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். இந்த ஒரு காரியத்தைத்தான் ஒழுங்காகச் செய்தேன்.

அத்தைக்குப் புத்தகம் கொடுக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் தம்பி கொடுத்துவிட்டான். எண்பதை நெருங்கும் வயதில், கண்ணாடி போட்டுக்கொண்டு, லிஃப்ட் கதை உட்பட எல்லாவற்றையும் வாசித்திருக்கிறார். தை மாதம் பெட்டி திறக்க ஊருக்குப் போயிருந்தபோது, திட்டு விழும் என்று எதிர்பார்த்து நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பூக் கட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"அது வெள்ளச் சேலை இல்லடா தம்பி. மாம்பழக் கலரு, அரக்குப் பார்டர். சித்தியத் தூக்கிப் போடும்போது நான் அங்கனதான நின்னேன். எனக்கு அப்ப எட்டு வயசு."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பூவை எடுத்தார். எழுதுடா என்றும் சொல்லவில்லை, ஏன்டா எழுதினாய் என்றும் கேட்கவில்லை.

மின்னூலில் ஒரு சௌகரியம், எப்போது வேண்டுமானாலும் திருத்திய கோப்பை ஏற்றிக்கொள்ளலாம். அச்சான 300-இல் மிச்சம் கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாக இருக்கிறது, அதை ஒன்றும் செய்ய முடியாது. மதுரைக்குத் திரும்பியதும் கோப்பைத் திறந்து ஐந்தாவது கதைக்குப் போனேன். கிணற்றடிக்கு முன்னால், அந்த ராத்திரி வீட்டுக்குள் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் சேர்த்தால் போதும், கதை கதையாகிவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இடத்தைக்கூடக் கண்டுபிடித்து கர்சரை அங்கே கொண்டுபோய் வைத்தேன். தாத்தாவின் படம் எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறது என்று சொன்னால் சாக்குச் சொல்வதுபோல் இருக்கும். படம் ஊர் வீட்டில்தான் இருக்கிறது. எதிரில் காலண்டர்தான் இருந்தது. இருந்தும் என்னால் முடியவில்லை.

'வெள்ளை' என்ற சொல்லைத் தேடி, வந்த இடத்திலெல்லாம் 'மாம்பழ நிற' என்று மாற்றினேன். அரக்குப் பார்டரை ஒரே ஒரு இடத்தில் சேர்த்தேன். ஏற்றிவிட்டேன்.

சில வாரம் கழித்து முன்பின் தெரியாத ஒரு வாசகர் வாட்ஸாப்பில் செய்தி அனுப்பியிருந்தார். எல்லாப் பேயும் வெள்ளைச் சேலையில் வரும்போது மாம்பழ நிறத்தை யோசித்தீர்களே, அந்த நுணுக்கத்துக்காகவே புத்தகத்தை இன்னும் நாலு பேருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன் என்று. கைகூப்பும் பொம்மை இரண்டைப் போட்டு, 'மிக்க நன்றி சார், அந்த நிறத்துக்காக ரொம்ப யோசித்தேன்' என்று பதில் அனுப்பினேன்.