வெர்னியர் கொண்டு போன கதை
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

ஆண்டு மலருக்குக் கவிதை கொடு என்றார்கள். எனக்குக் கவிதை வராது. ‘நிலவே’ என்று ஒரு வரி எழுதினால் அடுத்த வரிக்கு மூன்று செமஸ்டர் ஆகும்! அதனால் சென்ற டிசம்பர் விடுமுறையில் நடந்த ஒன்றை நடந்தபடியே எழுதுகிறேன். இதில் ஒரு துப்பாக்கி வருகிறது. பயப்பட வேண்டாம் நண்பர்களே, யாரும் யாரையும் சுடவில்லை.

என் தாய்மாமா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மாவட்ட ரைஃபிள் கிளப்பில் உறுப்பினர். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கிய அன்று தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். “நம்ம ரகம்டா மாப்ளே, பாயிண்ட் 22!” என்று அவருக்கு அவ்வளவு பெருமை. ஆனால் பைக்கிலிருந்து விழுந்ததில் இடது தோள் போய்விட்டது. கிளப்பில் இருக்கும் நீளமான, கனமான ரைஃபிளை ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடிக்க முடியவில்லை. குட்டையாக, லேசாக, பழசானாலும் நல்லதாக ஒன்று சொந்தமாக வேண்டும் என்பது அவர் ஆசை. லைசென்ஸுக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்த நடையில் இரண்டு ஜோடி செருப்பு தேய்ந்தது. கடைசியில் லைசென்ஸ் வந்தது. வாங்குவதற்குக் கெடுவும் அதிலேயே வந்தது.

“நீ மெக்கானிக்கல் படிக்கிறவன். என்.சி.சி.யில சுட்டும் இருக்கே. அளக்கிற சாமானை எடுத்துக்கிட்டு வா” என்றார். அளக்கிற சாமான் என்றால் என் வெர்னியர் காலிப்பர். சீனியர் ஒருவரிடம் நானூறு ரூபாய்க்கு வாங்கியது, அதுவும் பழசுதான். கூடவே ஸ்டீல் ரூலும் ட்ரை ஸ்கொயரும் பையில் போட்டுக்கொண்டேன்.

என்.சி.சி.யில் இல்லாத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பாயிண்ட் 22 தோட்டா சுண்டுவிரலை விடச் சிறியது. ரவை இரண்டரை கிராம் சொச்சம். பெரிய தோட்டாக்களில் பின்பக்க நடுவில் ஒரு குமிழ் மாதிரி இருக்குமே, அது இதில் கிடையாது. வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் அடிப்பக்க விளிம்பைச் சுற்றி உள்ளேயே இருக்கும். ஊசி அந்த விளிம்பில்தான் அடிக்கும். அதனால்தான் ரிம்ஃபயர் என்று பெயர். லாங் ரைஃபிள் என்கிற வகை 1887-லிருந்து இருக்கிறது. சிறிசு என்று விளையாட்டாக நினைக்கக் கூடாது. நாங்கள் 25 கெஜத்தில் சுட்டுப் பழகுவோம், ஆனால் மேலே தூக்கிச் சுட்டால் ஒரு மைல் வரைக்கும் போகும்.

பெரிய ஊர் ஒன்றில் லைசென்ஸ் உள்ள கடை. அங்கே ஒப்படைப்பில் ஒரு ரைஃபிள் இருந்தது. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவருடையது. அவர் காலமானதும் பிள்ளைகள் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறார்கள். மூத்த மகன் அன்று கடைக்கு வந்திருந்தார், ஐம்பது வயது இருக்கும். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் பணம் வேண்டும் என்று மாமாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மாமாவும் ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். முழு விலையை எழுத வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டதால் எழுதவில்லை (அத்தைக்கு இன்னும் தெரியாது).

இங்கிலாந்து மேக். போல்ட் ஆக்‌ஷன். கட்டை நல்ல வால்நட். கடைக்காரர் துணியில் துடைத்து, “கார்பைன் மாடல் சார், ரொம்ப ரேர்” என்று நீட்டினார். மாமா முதல் காரியமாக போல்ட்டைத் திறந்தார். “காலிதான் சார்” என்றார் கடைக்காரர். மாமா காதில் வாங்காமல் சேம்பர் வாயைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தோளில் வைத்தார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அத்தனை நாள் தூக்க முடியாமல் தவித்த மனுஷனுக்கு அது குழந்தை மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டது.

நான் வரிசையாகப் பார்த்தேன். போல்ட்டில் உள்ள எண்ணும் பாடியில் உள்ள எண்ணும் ஒன்று. அதுவும் லைசென்ஸ் நகலில் இருந்த எண்ணும் ஒன்று. பர்மிங்காம் சோதனைச் சாலை முத்திரை, கிரீடத்துக்குக் கீழே பி.என்.பி. எழுத்துகள், தெளிவாக இருந்தது. 1954-க்குப் பிறகு சோதித்தது என்று அர்த்தம். சேம்பர் விளிம்பில் டார்ச் அடித்துப் பார்த்தேன். தோட்டா இல்லாமல் சும்மா விசையைத் தட்டித் தட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களிடம் இருந்த ரிம்ஃபயரில் ஊசி அந்த விளிம்பையே கொத்திப் பள்ளம் ஆக்கியிருக்கும். பிறகு தோட்டாக் கூடு சரியாக உட்காராது, வெளியே வராது. இதில் பள்ளம் இல்லை. பின்பக்கம் வெள்ளைத்தாளை வைத்து முன்பக்கமிருந்து பார்த்தால் உள்ளே மரைகள் பளிச்சென்று சுற்றிக்கொண்டு போயின. துரு இல்லை. அதுவரைக்கும் நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பேரல் நீளத்தை வெளியிலிருந்து அளக்கக் கூடாது. போல்ட்டை மூடிவிட்டு, முன்வாய் வழியாகக் க்ளீனிங் ராடை விட்டு, போல்ட் முகத்தில் முட்டியதும் வாயோரத்தில் குறி போட்டு, ராடை எடுத்து அளக்க வேண்டும். பதினான்கரை அங்குலம் வந்தது.

குட்டையாக இருப்பது மட்டும் குற்றம் இல்லை. தொழிற்சாலையிலேயே குட்டையாக வருகிறவை உண்டு. அமெரிக்காவில் 1964-இல் வந்த ரூகர் 10/22-க்குப் பேரல் பதினெட்டரை அங்குலம்தான். இந்தச் சின்னத் தோட்டாவின் மருந்து ஏறக்குறைய பதினாறு அங்குலத்துக்குள் தன் வேலையை முடித்துவிடும் என்பதால் நீளம் கூடினால் வேகம் கூடும் என்றும் இல்லை. ஆனால் இந்தப் பேரலின் வாய் என்னை உறுத்தியது. பின்னால் தடித்து முன்னால் மெலிந்து வரவேண்டிய பேரல், மெலிந்து முடிவதற்குள் சட்டென்று நின்றுவிட்ட மாதிரி இருந்தது. காதுகுடையும் பஞ்சுக் குச்சியை வாயோரத்தில் சுற்றினேன், இரண்டு இடத்தில் பஞ்சு சிக்கிக்கொண்டது. வெர்னியரில் குழல் ஓட்டைக்கு ஒரு பக்கம் சுவர் 4.90 மி.மீ., எதிர்ப்பக்கம் 4.52. ட்ரை ஸ்கொயரை வைத்தால் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. ரவை வெளியேறும் கடைசி இடம் அது. அங்கே கோணலாக இருந்தால் பின்னால் வரும் வாயு ஒரு பக்கமாக முந்திக்கொண்டு ரவையைத் தள்ளிவிடும், குறி சிதறும்.

அதைவிட, அந்த முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முதலாம் ஆண்டு ஃபிட்டிங் ஷாப்பில் ‘ப்ளாட் ஃபைலிங்’ என்று நாம் எல்லோரும் ராவினோமே, அந்தக் கோடுகள்! ஹேக்ஸாவில் அறுத்து, ஃபைல் போட்டு, மேலே கறுப்புப் பூச்சு தடவியிருக்கிறது. லேத்தைப் பார்த்ததே இல்லை அந்த முனை. முன் குறிமுள்ளும் பித்தளை வைத்துப் பற்றவைத்தது.

சொல்வதா வேண்டாமா? உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் வாயை மூடிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். மாமாவுக்கு அது அவ்வளவு பொருந்தியிருந்தது. அந்த மகனோ என் வெர்னியரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, இது கம்பெனி நீளம் இல்ல. அறுத்திருக்கு.”

“ஃபேக்டரியிலயே சிலது அப்படி வரும்டா” என்றார் மாமா. குரலில் கோபம். ரூலையும் ட்ரை ஸ்கொயரையும் அவர் கையில் கொடுத்தேன். அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கடைக்காரர், “தம்பி காலேஜ் பையன், ஏதோ சொல்லுது” என்று ஆரம்பித்தபோது அந்த மகன் கள்ளமில்லாமல் குறுக்கே பேசினார்:

“தம்பி சொல்றது சரிதாங்க. அப்பா தோட்டத்துக்கு ஜீப்ல போவார். சீட்டுக்கு அடியில வைக்கத் தோதா இருக்கணும்னு பட்டறையில குடுத்து வெட்டினார். நான் அப்ப ஸ்கூல் படிச்சேன். அதுல என்னங்க தப்பு?”

கடைக்காரர் முகம் போன போக்கை எழுத எனக்குத் தமிழ் போதாது.

மாமா ரைஃபிளை மெல்லக் கண்ணாடி மேஜையில் வைத்தார். வைத்த பிறகு அதைத் தொடவில்லை. “1959 ஆயுதச் சட்டம், ஆறாவது பிரிவு” என்றார். அதற்கென்று தனி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியின் பேரலைக் குட்டையாக்கக் கூடாது, ஜெயில் தண்டனை உண்டு என்று அவரிடம் நிதானமாகச் சொன்னார். “வெட்டினவர் போய்ச் சேர்ந்துட்டார். இனிமே இது யார் கையில இருக்கோ அவங்கிட்டதான் கேள்வி வரும்.”

அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப இதை விக்கவே முடியாதா சார்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் நம்பியிருந்த பணம் என்னால்தானே போயிற்று என்று எனக்குத் தோன்றியது. மாமா அவருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். “யாரோ கண்டுபிடிச்சுச் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே ஒரு வக்கீலைப் பாத்து, நடந்தது நடந்தபடி கலெக்டருக்கு எழுதிக் குடுத்துடுங்க. நான் கூட வர்றேன்” என்றார். சொன்னபடி அடுத்த வாரம் போகவும் செய்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மாமா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி இடது தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது மட்டும், “அந்த வெர்னியர் எவ்வளவுக்குடா வாங்குனே?” என்றார். சொன்னேன். “ம்” என்றார்.

அட்வான்ஸில் மூவாயிரம் வந்துவிட்டது. மிச்சம் இரண்டாயிரத்துக்குக் கடைக்காரர் ‘அடுத்த வாரம்’ சொல்லிக்கொண்டிருக்கிறார். தாண்டிக்குடிக்காரரின் மனு ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. மகளைக் கடன் வாங்கிச் சேர்த்துவிட்டாராம், மாமாவுக்குப் போன் பண்ணிச் சொன்னார். மாமா கிளப் ரைஃபிளையே மணல்மூட்டையில் சாய்த்து வைத்துச் சுடுகிறார்.

போன வாரம் ஹாஸ்டலுக்குப் போன் வந்தது. “மாப்ளே, வேற ஊர்ல ஒண்ணு இருக்காம். ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா? பஞ்சுக்குச்சி நான் வாங்கிட்டேன்.”