வைஃபை வரலையா? ரூட்டரைத் தூக்கிப் போடாதீங்க!

எங்க அச்சன்புதூரில் வைஃபை நின்றால் பழி குற்றாலச் சாரல் மேல்தான். அடுத்து புது ரூட்டர் செலவு! அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்க நண்பர்களே.

செல்போனில் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் பாருங்க. வந்தால் ரூட்டர் நலம். லேப்டாப் டிரைவர்தான் சந்தேகம். டிவைஸ் மேனேஜரில் அதை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் பெரும்பாலும் தானே திரும்பப் போட்டுவிடும்.

எதிலுமே வராவிட்டால்? லைன் சரியாக இருந்தால், ரூட்டருக்குள் இருக்கும் ஃபர்ம்வேரைக் கவனிக்கணும். 2017 ஜூலையில், ஜிஎஸ்டி தொடங்கிய அதே மாதம், பிஎஸ்என்எல் மோடம்கள் சுமார் 60,000 முடங்கின. மழையால் அல்ல, மாற்றாமல் விட்ட 'அட்மின்' பாஸ்வேர்டு வழியாகப் புகுந்த மால்வேரால்!

ரீசெட் செய்து, பாஸ்வேர்டை மாற்றி, ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்க. செலவு பூஜ்யம். அப்புறமும் வரலைன்னா கடைக்குப் போகலாம்.