முதல் லெவலும் முதல் ஆட்டக்காரரும்

ஞாயிறு

கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கும் என் தம்பி மகள், தான் முதன்முதலாக அமைத்த வீடியோ கேம் லெவல் ஒன்றை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு இன்று மாலை என்னிடம் வந்தாள். பாழடைந்த கலங்கரை விளக்கத்தின் அடித்தளத்தில் நிற்கும் ஒரு சிறுவன், படிகளிலும் பலகைகளிலும் தாவி, முட்களுக்குத் தப்பி, எங்கோ இருக்கும் சாவியைக் கண்டெடுத்து, மேல்தளத்துக் கதவைத் திறக்க வேண்டும் என்பதே அதன் விஷயம். கோடோ என்னும் இலவச மென்பொருளில் கல், படி, முள் என்று சின்னஞ்சிறு சதுரங்களைப் பதித்துப் பதித்து, ஒவ்வோர் இடைவெளியையும் சிறுவனின் தாவலுக்கு ஏற்றபடி அளந்து அவள் எழுப்பியிருக்கும் அந்தச் சிற்றுலகத்தைப் பார்த்தபோது, வெறும் திரையில் ஓர் இடத்தைச் சிருஷ்டித்து அதற்குள் முன்பின் அறியாத ஒருவரை வரவேற்கத் துணியும் இந்தக் காரியம் எவ்வளவு மரியாதைக்குரியது என்ற எண்ணமே எனக்கு மேலோங்கியது.

இத்தகைய ஆட்டங்களில் எனக்கு அப்பியாசம் இல்லை என்றேன். “அதனாலதான் பெரியப்பா, உங்ககிட்ட முதல்ல கொண்டுவந்தேன்” என்றாள். ஆனால் நான் ஆடத் தொடங்கியதும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. “அது முள்ளு, தொடாதீங்க”, “சாவி இடப்பக்கம் இருக்கு”, “இங்க ஓடிவந்து தாவணும்” என்று பரிவோடு சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் கதவைத் திறந்துவிட்டேன். இருவருக்கும் பரம சந்தோஷம். எனினும் அவள் சென்றபின் யோசிக்கையில், எனக்கு வழிகாட்டியது அந்த லெவலா, அவள் குரலா என்ற கேள்வி எழுகிறது. நாளை வேறோர் ஊரில் யாரோ ஒருவர் இதைத் திறக்கும்போது அந்தக் குரல் அங்கே இராது. சொல்ல வேண்டியதையெல்லாம் கல்லும் படியும் வெளிச்சமுமே சொல்லியாக வேண்டும்.

செவ்வாய்

நேற்று அவளிடம் இதைச் சொன்னேன். அவளும் அதையே நினைத்திருந்தாள் போலும். ‘ஹாஃப்-லைஃப்’ என்ற ஆட்டம் உருவான வரலாற்றை இன்று எனக்குப் படித்துக் காட்டினாள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிர்க்லேண்ட் என்ற ஊரில் இயங்கிய வால்வ் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட அந்த ஆட்டத்தை, முதலில் குறித்திருந்த காலத்தைத் தள்ளிவைத்து, செய்ததில் பெரும்பகுதியை மீண்டும் அமைத்தார்களாம். அந்தத் திருப்பணியில் அவர்களுக்குத் துணை நின்றது பிளேடெஸ்ட் எனப்படும் ஆட்டப் பரீட்சை. அக்குழுவைச் சேர்ந்த கென் பேர்ட்வெல் 1999-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அதன் முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. வெளியாள் ஒருவர் இரண்டு மணி நேரம் ஆடுவார். லெவலை அமைத்தவர் அவருக்குப் பின்னே அமர்ந்து குறிப்பெடுப்பார். ஆடுகிறவர் எவ்வளவு நேரம் தவித்தாலும் ஒரு யோசனைகூடச் சொல்லக்கூடாது. ஓர் அமர்வு முடிந்தால் திருத்த வேண்டியவை நூறு அளவில் சேர்ந்துவிடும். அத்தகைய அமர்வுகள் 200-க்கும் மேல் நடந்தன.

தேர்ந்த நிபுணர்கள் நிரம்பிய ஒரு குழுவுக்கே இத்தனை பரீட்சைகள் வேண்டியிருந்தன என்பது தொடக்கநிலையில் இருப்பவருக்கு அதைரியம் தரும் செய்தி அன்று, பெரிய ஆறுதல். தான் அமைத்த லெவலைத் தானே ஆடி முடிப்பதால் ஒருவர் அறிவது மிகச் சொற்பம். 2015-இல் நிண்டெண்டோ வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ மேக்கர்’ என்ற ஆட்டத்தில், லெவலை அமைத்தவர் தாமே அதை முடித்துக் காட்டினால்தான் மற்றவர்களுக்கு வழங்க முடியும் என்ற விதி இருந்தது. அது நல்ல விதிதான். ஆயினும் அந்த லெவலை முடிப்பது சாத்தியம் என்பதை மட்டுமே அது நிரூபித்தது. சாவி இருக்கும் இடம் தெரிந்தவருக்குத் தேடுவது எப்படி என்பது தெரிய வாய்ப்பில்லை.

வியாழன்

இன்று அவள் எனக்குப் பின்னால், நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக, நிசப்தமாக உட்கார்ந்தாள். லெவலைச் சற்று மாற்றிச் சாவியையும் இடம் பெயர்த்திருந்ததால், எனக்கு அது ஏறக்குறையப் புதியதாகவே இருந்தது.

வலப்பக்கம் நடந்தேன், சுவர். திரும்பி வந்து மேலே ஏறினேன். முட்கள் கல்லின் சாம்பல் நிறத்திலேயே இருந்தமையால் படி என்று எண்ணிக் கால்வைத்து மாண்டேன். பலகையின் விளிம்பில் தாவுவதற்கான விசையை அழுத்தியும் சிறுவன் தாவாமல் விழுந்தான். பிறகு ஓரிடத்தில், கீழே தரை இருக்கிறதா இல்லையா என்பதே திரையில் தெரியாத நிலையில் குதிக்க வேண்டியிருந்தது, குதித்தேன், தரை இல்லை. விழும்போதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே தொடங்கும்படி அமைந்திருந்ததால், அறிந்த படிகளையே மீண்டும் மீண்டும் ஏறுகையில், சவாலின் உற்சாகம் போய்ச் சலிப்பு வந்துவிட்டது.

முடிந்தபின் அவள் முதலில் கேட்டது, “என்ன மாத்தணும் பெரியப்பா?” என்பதே. அதற்கு நான் விடை கூறவில்லை. இந்த இடத்தில் இப்படி நினைத்தேன், இங்கே பயந்தேன், இங்கே சலித்தேன் என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். முள்ளுக்குச் சிவப்பு வர்ணம் பூசு என்று நான் சொல்லிவிட்டால், அவள் சிந்தனைக்கு உரிய இடத்தை நான் அபகரித்தவனாவேன். அதைப் படி என்று நினைத்தேன் என்று சொன்னாலோ, பரிகாரம் தேடும் சுதந்திரம் அவளிடமே இருக்கும். உதாரணமாக, விளிம்பில் விழுந்ததை என் கையின் தாமதம் என்றே கருதியிருந்தேன். அவளோ, கால் விளிம்பை விட்டகன்ற பிறகும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வினாடிவரை தாவலை ஏற்றுக்கொள்ளும் சலுகையைப் பல ஆட்டங்கள் கண்ணுக்குத் தெரியாமல் அளிக்கின்றன என்றும், அதைத் தன் ஆட்டத்திலும் சேர்க்கலாம் என்றும் சொன்னாள். என்னால் கற்பனை செய்திருக்கவே முடியாத மருந்து அது.

சனி

அவளுடைய கல்லூரித் தோழன் ஒருவன் வந்தான். சிறுவயது முதல் இவ்விளையாட்டுகளில் ஊறியவன். லெவலை விரைவில் முடித்துவிட்டு, “ரொம்ப ஈஸியா இருக்கு, எதிரிங்க வேணும், டபுள் ஜம்ப் வேணும்” என்றான். கஷ்டம் என்று ஒருவர், சுலபம் என்று மற்றொருவர்; யார் சொல்லைக் கேட்பது என்று அவள் முகம் வாடியது.

அவள் எடுத்திருந்த குறிப்புகளை இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தோம். அவனும் முதலில் வலப்பக்கம்தான் போயிருக்கிறான். கீழே தரை தெரியாத அந்த இருட்டுப் பள்ளத்தின் விளிம்பில் அவனும் நின்று தயங்கியிருக்கிறான். அனுபவத்தினால் விரைவில் மீண்டமையால் அதைத் தடையாக அவன் உணரவில்லை, அவ்வளவே. வாய் கூறிய அபிப்பிராயங்கள் மாறுபட்டன. கைகள் தயங்கிய இடங்கள் ஒத்திருந்தன. அந்த இடங்களை முதலில் கவனிக்கலாம் என்றும், எதிரிகளும் இரட்டைத் தாவலும் வேண்டுமா என்பது அவள் எத்தகைய ஆட்டத்தைச் செய்ய விரும்புகிறாள் என்பதைப் பொறுத்தது என்றும் சொன்னேன்.

அவளே பிறகு ஒரு திருஷ்டாந்தம் சொன்னாள். வால்வ் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ‘போர்ட்டல்’ ஆட்டத்தில், ஒரு பெட்டியை லெவல் முழுதும் சுமந்துசெல்ல வேண்டிய ஓரிடத்தில், பரீட்சைக்கு வந்தவர்கள் அதை விட்டுவிட்டுப் போனார்களாம். அமைத்தவர்கள் எச்சரிக்கைப் பலகை வைக்கவில்லை. பெட்டியின்மேல் ஓர் இதயச் சின்னத்தைப் பொறித்து, ஆட்டத்தில் ஒலிக்கும் குரல் அதை உற்ற துணையாக அறிமுகப்படுத்தும்படி செய்தார்கள். ஆடியவர்களுக்குப் பெட்டியின்மேல் பிரியமே உண்டாகிவிட்டது. குறையைக் காட்டியவர்கள் ஆடியவர்கள். அதை அழகாக மாற்றியது சிருஷ்டித்தவர்களின் சாமர்த்தியம்.

ஞாயிறு

திருத்திய லெவலை இன்று பார்த்தேன். 1985-இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தின் முதல் லெவலை, ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் அமைத்ததை, அவள் இவ்வாரம் ஊன்றிக் கவனித்திருக்கிறாள். அங்கே இரு படிக்கட்டுகளுக்கு இடையே முதலில் கெட்டியான தரை இருக்கிறது. தவறி விழுந்தாலும் ஏறி வந்துவிடலாம். சற்று தூரம் சென்றபின் அதே வடிவில் வரும் படிக்கட்டுகளுக்கு இடையேதான் பள்ளம் இருக்கிறது. ஓர் எழுத்தும் இல்லாமல், தண்டனைக்கு முன்னே அப்பியாசத்தை வைத்த அந்தக் கருணை அவளை வசீகரித்துவிட்டது.

இவளும் இருட்டுப் பள்ளத்துக்கு முன்னால், தரை தெரியும் ஆழமற்ற பள்ளம் ஒன்றை அமைத்திருக்கிறாள். முட்களில் துருவின் நிறம் ஏறியிருக்கிறது. சிறுவன் நிற்கும் இடத்திலிருந்தே கம்பிக் கதவுக்கு அப்பால் சாவி மின்னுவது தெரிகிறது. பாதி வழியில் ஒரு விளக்கு. அதைத் தொட்டவர் விழுந்தால் அங்கிருந்தே தொடரலாம். ஆடுவது இப்போதும் எளிதன்று. ஆனால் விழுந்தபோதெல்லாம் ஏன் விழுந்தேன் என்பது எனக்கு விளங்கியது.

“இப்ப சரியா இருக்கா பெரியப்பா?” என்றாள். அதை இனி என்னால் சொல்ல இயலாது என்றேன். இந்தக் கலங்கரை விளக்கத்தின் சந்துபொந்துகளெல்லாம் எனக்குப் பரிச்சயமாகிவிட்டன. அறியாதவரின் கண் என்னிடம் இப்போது இல்லை. ஒருவர் ஒரு லெவலை முதல்முறையாக ஆடுவது ஆயுளில் ஒரே தடவைதான். ஆகையால் எல்லாச் சிநேகிதர்களையும் ஒரே நாளில் அழைத்துக் காட்டிவிடாமல், ஒரு திருத்தத்துக்கு ஒருவர் என்று அந்தப் புதிய கண்களைச் சிக்கனமாகச் செலவழிக்கும்படி சொன்னேன். எதிர்வீட்டுப் பையனை நாளைக்கு அழைக்கவும், அவன் அக்காளை அடுத்த திருத்தத்துக்கென்று நிறுத்திவைக்கவும் தீர்மானித்திருக்கிறாள்.