மியூனிக்... பர்ஸைப் பார்த்துப் போங்க!

ஜெர்மனினு சொன்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மெக்கானிக்கல் பசங்களுக்கு பி.எம்.டபிள்யூ., மத்தவங்களுக்கு ஃபுட்பால், எல்லோருக்கும் பொதுவா 'அவ்ளோ காசுக்கு நான் எங்கே போறது?'ங்கிற பெருமூச்சு. இந்த மூணுக்கும் பொருத்தமான ஊர் மியூனிக். பவேரியா மாநிலத்தின் தலைநகரம். விலைவாசியில ஜெர்மனிக்கே அண்ணன்! ஆனா, ஒழுங்கா பிளான் போட்டா பாதி ஊரை ஃப்ரீயாவே பார்த்துடலாம். கான்ஃபரன்ஸ், இன்டர்ன்ஷிப், அக்கா வீடு... எந்தச் சாக்குல போனாலும் சரி, இந்தப் பக்கத்தைக் கிழிச்சு பாக்கெட்ல வெச்சுக்கங்க.

முதல்ல விசா!

சுத்திப் பார்க்கப் போறவங்களுக்குத் தேவை ஷெங்கன் விசா. பயணத் தேதிக்கு ஆறு மாசம் முன்னாடியே அப்ளை பண்ணலாம். குறைஞ்சது 15 நாள் இருக்கணும். ஆனா, 'கடைசி நாள் ரெக்கார்டு நோட்டு' டெக்னிக் இங்கே செல்லாது பாஸ். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே நாளாகும். கட்டணம் 2024 ஜூன்ல இருந்து 90 யூரோ. விசா கிடைக்கலைன்னாலும் அந்தக் காசு திரும்பாது. அதனால பேப்பர்களை ரெண்டு தடவை சரிபாருங்க. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஊர் திரும்பற தேதிக்கு அப்புறமும் மூணு மாசம் பாஸ்போர்ட் உயிரோட இருக்கணும்.

தேதி குறிக்கும்போது ஒரு எச்சரிக்கை. செப்டம்பர் பின்பாதியில அக்டோபர்ஃபெஸ்ட் திருவிழா. அந்த ரெண்டு வாரமும் ஹாஸ்டல் படுக்கைகூட யானை விலை, குதிரை விலை! மே, ஜூன்னா பகல் நீளம், பர்ஸுக்கும் பரவாயில்லை.

பெட்டி கட்டும்போது அம்மா பாசத்துல பால்கோவாவைத் திணிச்சா, அன்பா மறுத்துடுங்க. வெளிநாட்டுல இருந்து வர்ற பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய யூனியன்ல தடை. புளிக்காய்ச்சலுக்குத் தடையில்லை. அது எதுக்குன்னு பின்னாடி சொல்றேன்!

அஞ்சு பேர், ஒரு டிக்கெட்

ஏர்போர்ட் ஊருக்கு வெளியே இருக்கு. டாக்ஸி பக்கம் திரும்பாதீங்க. எஸ்1, எஸ்8 ரெண்டு ரயில்களும் சுமார் 40 நிமிஷத்துல நடு ஊர்ல இறக்கிவிடும். கூட்டமா போனா, க்ரூப் டே டிக்கெட் கேளுங்க. அஞ்சு பேர் வரைக்கும் ஒரே டிக்கெட்ல நாள் முழுக்க சுத்தலாம்.

ஸ்டேஷன்ல கேட்டும் கிடையாது, தடுப்பும் கிடையாது. 'அட, சும்மாவே ஏறிடலாமே'னு தோணும். தோணக் கூடாது! சாதா டிரெஸ்ல பரிசோதகர் வருவார். மாட்டினா 60 யூரோ ஃபைன். பேப்பர் டிக்கெட்டுன்னா ஏறுறதுக்கு முன்னாடி அங்கே இருக்கிற சின்னப் பெட்டியில முத்திரை குத்திக்கணும். குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாத மாதிரிதான்.

ஊரைத் தாண்டிப் போகணுமா? 'பயர்ன் டிக்கெட்' இருக்கு. இதுலயும் அஞ்சு பேர் வரை போகலாம். வார நாட்கள்ல காலை 9 மணிக்கு மேலதான் செல்லும். எக்ஸ்பிரஸ் ரயில்கள்ல செல்லாது. ரெண்டு மணி நேரத்துல ஃபியூஸன் ஊருக்குப் போய், இரண்டாம் லூட்விக் ராஜா கட்டின நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைப் பார்க்கலாம். 2025ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த கோட்டை. உள்ளே நுழைய நேரம் குறிச்ச டிக்கெட்டை முன்னாடியே வாங்கிடுங்க.

ஞாயித்துக்கிழமையைக் குறிங்க!

ஞாயிறு அன்னிக்குக் கடை எல்லாம் பூட்டு. சூப்பர் மார்க்கெட்கூட லீவு. சனிக்கிழமையே பிரெட், பழம் வாங்கி வெச்சுக்கலைன்னா பட்டினிதான். ஆனா, அதே ஞாயிறு ஒரு லாட்டரியும் தருது. ஆல்டே பினகோதெக் மியூசியத்துல அன்னிக்கு நுழைவு வெறும் 1 யூரோ! 1500ல ட்யூரர் தன்னையே வரைஞ்ச ஓவியம் அங்கேதான் நம்மை முறைச்சுப் பார்க்குது.

இன்ஜினீயரிங் மக்களுக்குக் கோயில், டாய்ச்சஸ் மியூசியம். 1903ல ஓஸ்கர் ஃபான் மில்லர் ஆரம்பிச்சது. 2022 ஜூலையில 19 புதுக் கண்காட்சிகளோட பாதி மியூசியத்தைத் திறந்தாங்க. மீதியில புதுப்பிப்பு வேலை நடக்குது. காலேஜ் ஐ.டி. கார்டைக் காட்டினா கட்டணம் குறையும். நாள் முழுக்க ஒதுக்குங்க. இல்லேன்னா வருத்தப்படுவீங்க.

சாப்பாட்டுக்கு இங்லிஷ் கார்டன் போங்க. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கைவிடப் பெரிய பூங்கா. அங்கே சீன கோபுரத்துக்குக் கீழே பியர் கார்டன். செல்ஃப் சர்வீஸ் மேஜைகள்ல கட்டுச்சோறு கொண்டுபோய்ச் சாப்பிடலாம்கிறது பவேரியாவோட பழைய வழக்கம். குடிக்கிறதை மட்டும் அங்கே வாங்கணும். லெமனேட் வாங்கினாலும் யாரும் ஏளனமா பார்க்க மாட்டாங்க. இப்போ புரியுதா புளிக்காய்ச்சல் எதுக்குன்னு? பாட்டிலைத் தூக்கி எறியாதீங்க. சூப்பர் மார்க்கெட் மெஷின்ல போட்டா, ஒரு பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

காசு கேட்காத ரெண்டு இடங்கள்

எஸ்2 ரயில்ல ஏறி, அப்புறம் 726 பஸ் பிடிச்சா டாஹவ். ஹிட்லர் பதவிக்கு வந்த சில வாரங்கள்லயே, 1933 மார்ச்ல திறந்த வதைமுகாம். 12 வருஷத்துல இரண்டு லட்சத்துக்கும் மேலானவங்களை அடைச்சு வெச்சாங்க. 41,500 பேர் செத்துப்போனாங்க. இன்னிக்கு நினைவிடம், நுழைவு இலவசம். அரை நாள் வேணும். போய் வந்த அன்னிக்கு ஷாப்பிங் பிளான் எதுவும் வெச்சுக்காதீங்க. மனசு வராது.

இன்னொண்ணு மியூனிக் யுனிவர்சிட்டி. வாசல் தரையில காகிதங்கள் சிதறிக் கிடக்கற மாதிரி பதிச்சிருப்பாங்க. குனிஞ்சு எடுக்கத் தோணும். 1943 பிப்ரவரி 18 அன்னிக்கு ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல்னு ஒரு அண்ணனும் தங்கையும், 'ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து நில்லுங்க'னு அச்சடிச்ச நோட்டீஸை கிளாஸ் ரூம் வாசல்கள்ல வெச்சாங்க. மிச்சத்தை சோஃபி மாடியில இருந்து கீழே தள்ளிவிட்டாங்க. பிடிச்சுக் கொடுத்தது அதே காலேஜ் ஊழியர். நாலே நாள்ல விசாரணை, அன்னிக்கே தலையை வெட்டிட்டாங்க. சோஃபிக்கு வயசு 21. அண்ணன் மெடிக்கல் ஸ்டூடன்ட், 24.

நம்ம வயசு! நமக்கு அரியர்ஸ் பயம் இருக்கிற வயசுல அவங்களுக்கு எது பெருசா தெரிஞ்சிருக்குன்னு அந்த ஹால்ல நின்னு யோசிச்சுப் பாருங்க. உள்ளே சின்ன நினைவுக் கூடம் இருக்கு. வார நாள்ல போங்க.

டிக்கெட், இன்ஷூரன்ஸ், ஹாஸ்டல்னு லிஸ்ட் போடுவீங்கள்ல? அதுல கடைசி வரியா 'யுனிவர்சிட்டி, ஒரு மணி நேரம்'னு பேனாவால எழுதுங்க. பென்சில் வேணாம், அழிச்சுடுவீங்க. பவேரியாவுல வணக்கத்துக்கும் பைபைக்கும் ஒரே வார்த்தைதான்... ஸேர்வுஸ்!